செய்ய வேண்டியது தெரிந்தும் செய்யாமல் போவது ஏன்?

இரவு 10 மணிக்கு, நாளைக் காலை 5 மணிக்கு எழுந்து தேர்வுக்குப் படிப்பது என்று மனதார முடிவெடுக்கிறீர்கள். அலாரம் அடிக்கிறது, அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறீர்கள். 8 மணிக்கு எழுந்து உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். வாரக்கணக்கில் இதே கதை என்பதால், "எழ வேண்டும் என்று நான் உண்மையில் நம்பவே இல்லையா, இல்லை எனக்கு மன உறுதி இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சீக்கிரம் எழ வழி கேட்டது போலத் தெரிந்தாலும் உங்கள் கேள்வி வேறு. ஒன்றை நல்லது என்று முழுசாக நம்பிக்கொண்டே ஒருவர் அதற்கு எதிராக நடக்க முடியுமா? முடியாது என்றால், இரவில் நீங்கள் உங்களுக்கே பொய் சொல்கிறீர்கள். முடியும் என்றால், உங்களுக்குள் ஏதோ பழுது. இந்த இரண்டில் எது என்று சொல்லச் சொல்கிறீர்கள். பழுது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்திலும் இருப்பதில்லை என்பதுதான் தத்துவம் படித்தவனாக நான் சொல்லக்கூடியது. அது எங்கே இருக்கிறது என்பதை நீங்களே ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் முதல் சந்தேகத்துக்கு வயது 2,400 ஆண்டுகள். தெரிந்தே யாரும் தவறு செய்வதில்லை என்றார் சாக்ரடீஸ். பிளேட்டோவின் 'புரோத்தகோரஸ்' உரையாடலில் அவர் வைக்கும் வாதம் இது: பக்கத்தில் இருக்கும் பொருள் பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் கண்ணுக்குத் தெரிவதுபோல, இப்போது கிடைக்கும் இன்பம் பெரிதாகவும் பிறகு வரும் நன்மை சிறிதாகவும் தோன்றுகிறது. ஆக, நாம் இன்பத்திடம் தோற்கவில்லை, தப்பாக அளக்கிறோம். சரியாக அளக்கும் கலை கைவந்துவிட்டால் தப்பும் நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டில் ஆர்.எம்.ஹேர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஏறக்குறைய இதையே வேறு விதமாகச் சொன்னார்: 'நான் இதைச் செய்ய வேண்டும்' என்று ஒருவர் மனதார ஒப்புக்கொண்டு, செய்யவும் முடிகிற நிலையில் இருந்தால், செய்துவிடுவார், செய்யவில்லை என்றால் ஒன்று அந்த ஒப்புதல் முழுமையானதல்ல, அல்லது அவரால் முடியவில்லை.

இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. போர்வைக்குள் இருக்கும்போது மனம் எவ்வளவு வேகமாக வக்கீலாகிவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 'தூக்கக் கலக்கத்தில் படித்தால் மண்டையில் ஏறாது', 'சாயங்காலம் 2 மணி நேரம் கூடுதலாகப் படித்துக்கொள்ளலாம்'. அந்த நிமிடத்தில் இவற்றை நாம் உண்மையாகவே நம்புகிறோம். ஆனால் எல்லாத் தோல்வியும் இப்படி நடப்பதில்லை. 'இது தப்பு, இப்போதே எழ வேண்டும்' என்று நினைத்துக்கொண்டே எழாமல் கிடப்பவர்களும் உண்டு. அவர்களுடைய அளவுகோலில் கோளாறே இல்லை. சாக்ரடீஸின் விளக்கத்தில் இவர்களுக்கு இடமில்லாமல் போவதுதான் அதன் பெரிய குறை.

அரிஸ்டாட்டில் இங்கே பிடித்துக்கொள்கிறார். தம் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் ஏழாம் பகுதியில் அவர் கேட்கும் கேள்வி எளிமையானது: ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதும், தெரிந்ததை இந்தக் கணத்தில் பயன்படுத்துவதும் ஒன்றா? தூங்குகிறவர், குடித்திருப்பவர், பித்துப் பிடித்தவர் ஆகியோருக்கு அறிவு இருக்கிறது, ஆனால் அது வேலை செய்யவில்லை என்கிறார். குடிபோதையில் இருப்பவர் எம்பெடோக்ளிஸ் என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதியின் செய்யுள்களைக்கூடக் கடகடவென்று ஒப்பிக்கலாம். வாய் சொல்வதால் அவர் அதை அறிந்து சொல்கிறார் என்று ஆகிவிடாது. உங்கள் விஷயத்தில் இதில் உவமையே இல்லை. அலாரம் அடிக்கும்போது நீங்கள் நிஜமாகவே பாதித் தூக்கத்தில் இருக்கிறீர்கள். விழித்ததும் வரும் மந்தம் பொதுவாக 15 முதல் 30 நிமிடம் வரை நீடிக்கும், சில நேரம் அதற்கு மேலும். கணிப்பதும் முடிவெடுப்பதும் அப்போது மந்தமாகவே இருக்கும். 'படிப்பது நல்லது' என்ற பொதுவான அறிவு உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. 'படிக்க வேண்டிய அந்த நேரம் இதுதான்' என்ற குறிப்பான அறிவுதான் எழவில்லை. பொது விதி இருந்தும் இந்த நேரத்தோடு அது இணையாமல் போனால் செயல் பிறக்காது.

அவர் இன்னொரு பிரிவும் செய்கிறார், நடைமுறைக்கு அதுதான் மிக உதவும். யோசிக்காமலே இச்சையின் பின்னால் ஓடுகிறவர் ஒரு வகை. யோசித்து முடிவெடுத்துவிட்டு அதில் நிற்க முடியாமல் போகிறவர் மற்றொரு வகை. இருவரையும் நாம் 'மன உறுதி இல்லாதவர்' என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். ஆனால் யோசிக்காமல் அலாரத்தை அணைத்தவருக்கு 'உறுதியாக இரு' என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. அந்த அறிவுரையை நினைவுபடுத்திக்கொள்ளும் நிலையிலேயே அவர் இல்லை. இவர்கள் இருவரையும், தப்பைத் தப்பென்றே கருதாமல் செய்கிறவரிடமிருந்து அரிஸ்டாட்டில் தனியாகப் பிரிக்கிறார். பின்னவருக்கு வருத்தம் வராது. 8 மணிக்கு உங்களுக்கு வருத்தம் வருகிறது என்பதால், 'நான் நம்பவே இல்லையோ' என்ற உங்கள் சந்தேகம் பெரும்பாலும் ஆதாரமில்லாதது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இதற்கு நடுவில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். 'எது நல்லது' என்ற தீர்ப்பு வேறு, 'இதைச் செய்வேன்' என்ற தீர்மானம் வேறு. தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை முதல் வகையைப் பற்றியது: எல்லாக் காரணங்களையும் சீர்தூக்கிப் பார்த்த பிறகு வரும் தீர்ப்புக்கு எதிராக ஒருவர் நடப்பது எப்படிச் சாத்தியம் என்று அது கேட்கிறது. 1999-இல் ரிச்சர்ட் ஹோல்டன் என்ற இன்னொரு தத்துவவாதி கேள்வியையே நகர்த்தினார். அன்றாட வாழ்வில் நாம் மன உறுதிக் குறைவு என்று சொல்வது தீர்ப்புக்கு எதிராக நடப்பதை அல்ல, எடுத்த தீர்மானத்தை மிகச் சுலபமாக மாற்றிக்கொள்வதைத்தான் என்றார். தீர்மானம் என்பதை நாம் எடுப்பதே, பிறகு வரப்போகும் சபலத்தைத் தாண்டத்தான். அந்தச் சபலம் வந்ததையே காரணமாகக் காட்டித் தீர்மானத்தை மாற்றினால் அதுதான் பலவீனம். என் கணிப்பில் உங்களைப் போன்ற பெரும்பாலோருக்குப் பொருந்தும் விளக்கம் இதுவே. இதன்படி காலையில் உங்கள் தீர்ப்பு உண்மையிலேயே மாறியிருக்கலாம், இரவிலும் நீங்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு நேரத்திலும் நேர்மையாக இருந்துகொண்டே தோற்கலாம். சோதித்துப் பார்ப்பதும் சுலபம்: காலையில் மனதை மாற்றிய காரணம் இரவே உங்களுக்குத் தெரிந்த காரணமா? 5 மணிக்குத் தூக்கம் வரும் என்பது 10 மணிக்கே தெரியும். காய்ச்சல் வரும் என்பது தெரியாது. காய்ச்சலுக்காக மாற்றினால் அது விவேகம்.

தீர்ப்பு அந்த ஏழு மணி நேரத்தில் எப்படித் தலைகீழாகிறது என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். ஜார்ஜ் எய்ன்ஸ்லி என்ற மனநல மருத்துவர் 1970-களிலிருந்து சொல்லிவரும் கருத்து இது: தள்ளி வரும் பலனின் மதிப்பு சீராகக் குறைவதில்லை, பலன் கைக்கெட்டும் நேரத்தில் திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. எளிய சூத்திரம்: பலனின் அளவை, '1 கூட்டல் காத்திருக்க வேண்டிய மணிநேரம்' என்ற எண்ணால் வகுக்க வேண்டும். கூடுதல் தூக்கத்தின் சுகத்துக்கு 4 மதிப்பெண், அது 5 மணிக்குக் கிடைக்கும். படித்து முடித்த திருப்திக்கு 10 மதிப்பெண், அது 8 மணிக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்குத் தூக்கம் 7 மணி நேரத் தொலைவில்: 4-ஐ 8-ஆல் வகுத்தால் 0.5. படிப்பு 10 மணி நேரத் தொலைவில்: 10-ஐ 11-ஆல் வகுத்தால் சுமார் 0.9. படிப்பு ஜெயிக்கிறது. காலை 5 மணிக்குத் தூக்கம் கையில்: 4. படிப்பு 3 மணி நேரத் தொலைவில்: 10-ஐ 4-ஆல் வகுத்தால் 2.5. தூக்கம் ஜெயிக்கிறது. இரண்டும் சமமாகும் நேரம் விடியற்காலை 4 மணி. அப்போது இரண்டுக்கும் மதிப்பு 2. ஆட்சி மாறும் அந்தக் கணத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது சின்ன வேடிக்கை. மதிப்பு கூட்டுவட்டிக் கணக்குபோல ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் இந்தத் திருப்பம் வரவே வராது. இரவில் எது பெரிதோ அதுவே காலையிலும் பெரிதாக இருந்திருக்கும்.

4, 10 என்ற எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. யாருடைய மனதையும் அளந்து எடுத்தவை அல்ல. பலன் நெருங்க நெருங்க விருப்பம் தலைகீழாவது மனிதர்களிடமும் புறாக்களிடமும் சோதனைகளில் காணப்பட்டது. ஏன் அப்படி என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு: இது மனதின் அடிப்படைக் கோணலா, இல்லை தொலைவில் இருப்பது கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாதபோது பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும் நியாயமான எச்சரிக்கையா என்று இன்னும் வாதாடுகிறார்கள். எதுவாக இருந்தாலும் நடைமுறையில் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். இரவு நேரத்து உறுதியைக் கூட்டுவதால் காலைக் கணக்கு மாறாது. மேலே உள்ள எண்களில் இரவின் வித்தியாசம் என்னவாக இருந்தாலும் காலையில் 4-க்கு எதிரே 2.5 தான் நிற்கிறது. மாற்ற வேண்டியது அந்த இரண்டு எண்களை.

ஆனால் அதற்கு முன் உங்கள் தோல்வி எந்த வகை என்று தெரிய வேண்டும். ஏழு நாள் ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்த பத்து நிமிடத்துக்குள், அலாரத்தை அணைத்தபோது மனதில் ஓடிய கடைசி வாக்கியத்தை அப்படியே ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம், திட்டிக்கொள்ளவும் வேண்டாம். ஓடிய வாக்கியம் மட்டும். மாலையில் எழுதினால் அந்த வாக்கியம் போய், உங்களைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் அபிப்பிராயம்தான் தாளில் வரும். ஏழு வரிகளையும் சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் ஒரு சாயல் தெரியும்: 'ஒன்றும் நினைவில்லை', 'இன்னும் பத்து நிமிடம்' அல்லது 'இன்று ஒரு நாள் மட்டும்', 'படித்து என்ன ஆகப்போகிறது'.

ஒன்றும் நினைவில்லை என்றால் நீங்கள் அரிஸ்டாட்டிலின் முதல் வகை. யோசனை நடக்கவே இல்லை, ஆகவே யோசனையை நம்பி எந்த ஏற்பாடும் செய்யக் கூடாது. அலாரம் கைக்கெட்டாத இடத்தில் இருக்க வேண்டும். எழுந்து நான்கைந்து அடி நடந்தால்தான் அணைக்க முடியும் என்ற தூரம் போதும். விளக்கின் ஸ்விட்ச் அதன் பக்கத்திலேயே இருந்தால் நல்லது. இதோடு உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்ற வகைத் திட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் குறிக்கோள் வைத்திருப்பதைவிட இப்படித் திட்டமிடுவது கணிசமான பலன் தருவதாகக் கண்டார்கள். இது அரிஸ்டாட்டில் சொன்ன குறிப்பான அறிவை முன்கூட்டியே தயார் செய்து வைப்பதுதான். இதில் பலரும் சறுக்கும் இடங்கள் உண்டு. 'சீக்கிரம் எழுவேன்' என்பதில் எப்போது என்ற அடையாளம் இல்லை. 'அலாரம் அடித்தால் இரண்டு பாடம் முடிப்பேன்' என்பது ஒரே செயலாக இல்லை, அது பாதித் தூக்கத்தில் இருப்பவரை மிரட்டும். 'மறுபடி தூங்க மாட்டேன்' என்பது செய்யக் கூடாததைச் சொல்கிறதே தவிர, செய்ய வேண்டியதைச் சொல்லவில்லை. 'அலாரம் அடித்தால் இரண்டு காலையும் தரையில் வைப்பேன். வைத்தால் எழுந்து விளக்கைப் போடுவேன்' என்ற அளவுக்குச் சிறியதாக, உடம்பால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

'இன்று ஒரு நாள் மட்டும்' என்ற வகைதான் கடினம். இங்கே நீங்கள் விழித்திருக்கிறீர்கள், வாதாடுகிறீர்கள், ஜெயித்தும் விடுகிறீர்கள். எய்ன்ஸ்லி சொல்லும் மருந்து, ஒரு காலையைத் தனியாகப் பார்க்காமல் வரப்போகும் எல்லாக் காலைகளையும் சேர்த்து ஒரே தேர்வாகப் பார்ப்பது. இன்று படுத்தால் நாளையும் படுப்பேன் என்பதற்கு இன்றே சாட்சி என்று எடுத்துக்கொள்வது. நல்ல யோசனைதான், ஆனால் அதன் பலத்தை மிகைப்படுத்திவிடுகிறார்கள். நம் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள்: இன்று மட்டும் பார்த்தால் தூக்கம் 1.5 மதிப்பெண் முன்னே. அடுத்த ஏழு காலைகளையும் சேர்த்துக் கூட்டினால் அந்த முன்னிலை சுமார் 0.9 ஆகக் குறைகிறது, அவ்வளவுதான். நாளைய காலை 24 மணி நேரத் தொலைவில் இருப்பதால் இன்றைய எடைக்கு அது ஈடாவதில்லை. இதற்குப் பதிலாகப் படிப்பின் திருப்தியைப் பக்கத்தில் இழுத்தால் என்ன ஆகிறது? 8 மணிக்கு வரும் திருப்தியை 5.30-க்குக் கொண்டுவந்தால் 10-ஐ 1.5-ஆல் வகுக்க வேண்டும், 6.7 வந்துவிடுகிறது, தூக்கத்தின் 4 தோற்கிறது. சரியாக ஒன்றரை மணி நேரத்தில் இரண்டும் சமம். அதனால் காலை முதல் வேலையாக மிகக் கடினமான பாடத்தை வைப்பது தவறான உத்தி. முந்தைய நாள் பாதியில் விட்ட கணக்கு ஒன்று, அரை மணியில் முடியக்கூடியது, திறந்த நோட்டில் மேசைமேல் தயாராக இருக்கட்டும். முடித்ததும் ஒரு டிக் அடிக்கும் திருப்தி 5.30-க்கே கிடைத்துவிடும்.

இன்னொன்று, விதிவிலக்குகளை இரவே எழுதி வைத்துவிடுங்கள். மூன்றுக்கு மேல் போகக் கூடாது: காய்ச்சல், வீட்டில் அவசரம், நள்ளிரவுக்கு மேல் தூங்கப் போன நாள் என்பதுபோல. காலையில் தோன்றும் காரணம் பட்டியலில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம், இல்லை என்றால் அதைப் பற்றி விசாரணையே கிடையாது. ஹோல்டன் சொன்ன வேறுபாட்டை இப்படித் தாளில் எழுதிவிட்டால், தூக்கக் கலக்கத்தில் தத்துவம் பேச வேண்டிய அவசியம் இருக்காது. தவறிய நாளுக்கும் ஒரு விதி வேண்டும்: மறுநாள் அதே நேரம், அதே அளவு. விட்டதைப் பிடிக்க 4 மணிக்கு எழுவேன் என்று ஏற்றிக்கொண்டால், அதுவும் தவறி, 'இனி எதற்கு' என்று மொத்தமும் சரிந்துவிடும். உணவுக் கட்டுப்பாடு மேற்கொள்வோரிடம் ஒரு சின்ன மீறல் முழு மீறலாக மாறுவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்; கடுமையான விதி வைத்தவர்களிடமே இது அதிகம் நடக்கும்.

'படித்து என்ன ஆகப்போகிறது' என்ற வரிதான் ஏழில் நான்கைந்து முறை வருகிறது என்றால் விஷயம் வேறு. நான் முன்பு 'பெரும்பாலும்' என்று சொன்னது இதற்காகத்தான். நமக்குள் இருக்கும் 'வேண்டும்' எல்லாம் நம்முடையவை அல்ல. பெற்றோர், ஆசிரியர், கூடப் படிப்பவர்கள் வைத்துவிட்டுப் போனவையும் உண்டு. நோமி ஆர்பலி என்ற தத்துவவாதி 2000-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டது இதுதான்: ஒருவர் தம் சிறந்த தீர்ப்புக்கு எதிராக நடக்கும்போது, சில நேரம் அந்தச் செயலே தீர்ப்பைவிட அறிவார்ந்ததாக இருக்கலாம், தீர்ப்பில் விட்டுப்போன காரணங்களுக்கு அந்தச் செயல் காது கொடுத்திருக்கலாம். இதை எல்லாச் சோம்பலுக்கும் சாக்காக்கிவிடக் கூடாது, ஆனால் ஒதுக்கவும் கூடாது. ஒரு சாதாரணக் கூட்டல் கழித்தலே முதலில் போதும். முடிவெடுப்பது 10 மணிக்கு, சரி. தூங்குவது எத்தனை மணிக்கு? பன்னிரண்டரைக்கு என்றால் 5 மணிக்கு எழுவது நாலரை மணி நேரத் தூக்கம். வயதுவந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதே மருத்துவப் பரிந்துரை. அப்படியானால் காலையில் அலாரத்தை அணைக்கும் கைதான் சரியாக அளக்கிறது, பிழை இரவுத் தீர்மானத்தில் இருக்கிறது. 10 மணிக்குப் படுப்பதையோ ஏழரை மணிக்கு எழுவதையோ தீர்மானமாக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு உங்கள் மன உறுதியைப் பற்றிப் பேசலாம்.

மன உறுதி என்றதும் பரவலாகச் சொல்லப்படும் இரண்டு விஷயங்களை நம்பி எதையும் கட்ட வேண்டாம். ஒன்று, அது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் எரிபொருள் என்பது. உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவினரின் 1998 ஆய்விலிருந்து இது பிரபலம். 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே முறையில் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். அத்தோடு விவாதம் முடிந்துவிடவில்லை, ஆனால் பழைய நம்பிக்கையோடு அதைச் சொல்ல முடியாது. மற்றொன்று, சிறு வயதில் இனிப்புக்காகக் காத்திருக்க முடிந்த குழந்தைதான் பிற்காலத்தில் முன்னேறும் என்பது. 2018-இல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்தத் தொடர்பு பாதியளவே தெரிந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது பெருமளவு மறைந்தது. ஆக 'எனக்குப் பிறவியிலேயே இது இல்லை' என்ற முடிவுக்கு ஆதாரம் மெலிவானது.

தத்துவத்துக்கும் இங்கே ஓர் எல்லை உண்டு. முழு விழிப்பில், எந்த வாதமும் ஓடாமல், 'இது தப்பு' என்று தெளிவாகத் தெரிந்தபடியே ஒருவர் தவறுவது எப்படி என்ற கேள்விக்கு எல்லோரும் ஏற்கும் பதில் இன்றுவரை இல்லை. டேவிட்சனின் பதிலையும் பலர் ஏற்பதில்லை. உங்கள் ஏழு வரிகளில் அப்படி ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை விளக்க முயன்று நாளைக் கடத்த வேண்டாம், மற்ற வரிகளைச் சரிசெய்யுங்கள். படிப்பு மட்டுமில்லாமல் சாப்பிடுவது, குளிப்பது, பிடித்தவர்களோடு பேசுவது எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் இப்படித் தட்டிப்போகிறது என்றாலோ, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறது, குறட்டை அதிகம் என்றாலோ, அது மன உறுதி பற்றிய கேள்வியே இல்லை. அதை மருத்துவரிடம் கேளுங்கள்.